ஸ்வெட்டர் எங்கே முளைக்குது? மன்னவனூர் ஆட்டுப் பண்ணைக்கு ஒரு ஃபேமிலி ட்ரிப்!

ஆடுன்னு சொன்னதும் நம்மில் பலருக்கு முதல்ல ஞாபகம் வர்றது ஞாயிற்றுக்கிழமைதான். கறிக்கடை க்யூ, குக்கர் விசில், நல்லி எலும்புக்கு நடக்குற சண்டை. அதே ஆடு நமக்குக் கம்பளியும் தருதுன்னு ரெண்டாம் கிளாஸ்ல ஒரு மார்க் கேள்விக்குப் பதில் எழுதியிருப்போம். ஆனா, ஒரு விஷயத்தை கவனிச்சிருக்கீங்களா? நம்ம ஊர் ரோட்டை மறிச்சுக்கிட்டுப் போற செம்மறி ஆடுகளோட முதுகுல கம்பளியே இருக்காது! நாய்க்கு இருக்குற மாதிரி குட்டை முடிதான் இருக்கும். அப்போ அந்தப் பாடப்புத்தக ஆடு எங்கதான் இருக்கு?

அதைப் பார்க்க நியூசிலாந்துக்கு டிக்கெட் போட வேண்டியதில்லை. கொடைக்கானல்ல இருந்து சுமார் 35 கிலோமீட்டர் போனா போதும். அடுத்த லீவுக்குக் கொடைக்கானல் போற பிளான் இருந்தா, போட்டிங், சைக்கிள், ஹோம்மேட் சாக்லேட் லிஸ்ட்டோட இதையும் சேர்த்துக்கோங்க. வீட்டுல குட்டீஸ் இருந்தா கண்டிப்பா சேர்த்துக்கோங்க. அவங்க அங்கே கேட்கப்போற கேள்விகளுக்கு முன்கூட்டியே தயாராக, இதோ உங்களுக்கு ஒரு வழிகாட்டி.

மன்னவனூர்ல என்ன இருக்கு?

கொடைக்கானல் டவுன்ல இருந்து பூம்பாறை வழியா போகணும். வழியில படிப்படியா இறங்குற பூண்டு வயல்கள் வரும். 2019-ல புவிசார் குறியீடு வாங்கின கொடைக்கானல் மலைப்பூண்டு விளையுற ஏரியா இது. அதைத் தாண்டிப் போனா, கடல் மட்டத்துல இருந்து சுமார் 2,000 மீட்டர் உயரத்துல, புல்வெளியும் ஏரியுமா விரியுற ஊர்தான் மன்னவனூர். ஏரியில வனத்துறையோட சூழல் சுற்றுலாவும் நடக்குது.

இங்கேதான் மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தோட தென்மண்டல மையம் இருக்கு. நிறுவனத்தோட தலைமையகம் ராஜஸ்தான்ல, டோங்க் மாவட்டம் அவிகாநகர்ல. அது ஆரம்பிச்சது 1962-ல. மூணே வருஷத்துல, 1965-ல மன்னவனூர் மையம் வந்துடுச்சு. ராஜஸ்தான் பாலைவனத்துக்கும் கொடைக்கானல் மலைக்கும் என்னப்பா சம்பந்தம்னு கேட்டா, பதில் ரொம்ப சிம்பிள். மெல்லிய கம்பளி தர்ற ஆட்டுக்குக் குளிர்ச்சியான ஊரும் நல்ல புல்லும் வேணும். தென்னிந்தியாவுல அது ரெண்டும் ஒண்ணா கிடைக்குறது இந்த மாதிரி மலைகள்லதான்.

இங்கே வளர்றது 'பாரத் மெரினோ'. ராஜஸ்தான் பக்கத்து நாட்டு ஆடுகளான சோக்லா, நாலி மாதிரியான ரகங்களை, வெளிநாட்டு ராம்புயே, சோவியத் மெரினோ கிடாக்களோட கலந்து உருவாக்கின ரகம். நாலுல மூணு பங்கு வெளிநாட்டு ரத்தம். பார்த்தாலே வித்தியாசம் தெரியும். நம்ம ஊர் ஆடு ஒல்லியா, காலு நீளமா இருக்கும். இது மெத்தைக்குள்ள தலையை விட்ட மாதிரி புசுபுசுன்னு இருக்கும். முயல் வளர்ப்பு ஆராய்ச்சியும் இதே மையத்துல நடக்குது. குழந்தைகளுக்கு அது போனஸ்.

"நம்ம ஊர் ஆட்டுக்கு மட்டும் ஏன் கம்பளி இல்லை?"

குட்டீஸ் கேட்கப்போற முதல் கேள்வி இதுவாத்தான் இருக்கும். பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒரு சின்ன கன்ஃப்யூஷனை க்ளியர் பண்ணிடலாம். செம்மறி வேற, வெள்ளாடு வேற. அடையாளம் கண்டுபிடிக்க ஈஸியான வழி வால். வெள்ளாட்டுக்கு வால் மேல தூக்கிட்டு நிக்கும், செம்மறிக்குக் கீழ தொங்கும். வெள்ளாடு முன்னங்காலைத் தூக்கி மரத்துல சாய்ஞ்சு இலை தழையைத் தின்னும். செம்மறி தலையைக் குனிஞ்சு புல்லை மேயும். பண்ணைக்குப் போற வழியிலயே கார் ஜன்னல் வழியா இந்த விளையாட்டை ஆரம்பிச்சுடலாம்.

இப்போ கம்பளிக்கு வருவோம். மேச்சேரி, ராமநாதபுரம் வெள்ளை, கீழக்கரிசல், வேம்பூர், சென்னை சிவப்பு... தமிழ்நாட்டோட இந்த செம்மறி ரகங்கள் எல்லாமே கம்பளி ஆடுகள் இல்லை, முடி ஆடுகள். மே மாச வெயில்ல மொட்டைக் காட்டுல நாள் பூரா மேய வேண்டிய ஆட்டுக்கு ஸ்வெட்டர் எதுக்கு? வெயிலுக்குத் தாங்குற, கறிக்கும் தோலுக்கும் உதவுற ஆடுகளைத்தான் நம்ம ஆட்கள் தலைமுறை தலைமுறையா தேர்ந்தெடுத்து வளர்த்தாங்க. மேச்சேரி ஆட்டுத் தோலுக்கு லெதர் தொழில்ல தனி மவுசே உண்டு.

அதுக்காக தமிழ்நாட்டுல கம்பளி ஆடே இல்லைன்னு நினைச்சுடாதீங்க. குரும்பைன்னு கூப்பிடுற கோயம்புத்தூர் ஆடு, திருச்சி கருப்பு ஆடு ரெண்டுக்கும் முரட்டு ரோமம் உண்டு. மெல்லிய கம்பளி தர்ற நீலகிரி ஆடும் நம்மகிட்டதான் இருக்கு. அந்தக் கதை கொஞ்சம் சோகம், பின்னாடி வரும்.

முடிக்கும் கம்பளிக்கும் என்ன வித்தியாசம்?

ரெண்டுமே கெரட்டின்ங்கிற புரதம்தான். நம்ம தலைமுடி, நகம் எல்லாம் அதே சரக்கு. வித்தியாசம் அமைப்புல இருக்கு.

முதல் வித்தியாசம், மெல்லிசு. நம்ம தலைமுடி ஒண்ணோட தடிமன் சுமாரா 60, 70 மைக்ரான் இருக்கும். ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு. மெரினோ ரோமம் 20 மைக்ரானை ஒட்டி வரும். அதாவது, நம்ம முடியில மூணுல ஒரு பங்கு.

ரெண்டாவது, சுருள். கம்பளி இழையை உத்துப் பார்த்தா, ஸ்பிரிங் மாதிரி நெளிநெளியா இருக்கும். இந்த நெளிவுகளுக்கு இடையில காத்து சிக்கிக்கும். அந்தக் காத்துதான் உடம்புச் சூட்டை வெளிய விடாம தடுக்குது. கம்பளி நமக்குச் சூடு தர்றதில்லை. நம்ம சூட்டையே நமக்குத் திருப்பித் தருது, அவ்வளவுதான்.

மூணாவது, செதில். மைக்ராஸ்கோப்ல பார்த்தா, இழையோட மேல்பக்கம் மீன் செதில் மாதிரி, ஓடு வேய்ஞ்ச கூரை மாதிரி அடுக்கடுக்கா இருக்கும். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, கொஞ்ச நேரத்துல ஒரு மேஜிக் பண்ணப்போறோம்.

நாலாவது, பிசுக்கு. ஆட்டோட முதுகைத் தொட்டுப் பார்க்க பணியாளர்கள் அனுமதிச்சா, ரோமத்தை விலக்கி அடியில விரலை வெச்சுப் பாருங்க. கையில மெழுகு மாதிரி ஒட்டும். அதுதான் லனோலின். ஆட்டோட தோல்ல இருந்து சுரக்குற மெழுகு. 'ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்'னு சொல்வோம்ல? ஓநாய் அழ வேண்டிய அவசியமே இல்லை. லேசான மழைக்கு ஆடே ரெயின்கோட் போட்டுக்கிட்டுத்தான் நிக்குது! உங்க ஹேண்ட்பேக்ல இருக்குற லிப் பாம் டப்பாவைத் திருப்பி, என்னென்ன கலந்திருக்குன்னு படிச்சுப் பாருங்க. பல பிராண்டுகள்ல லனோலின் இருக்கும்.

"வெட்டும்போது ஆட்டுக்கு வலிக்குமா அம்மா?"

இந்தக் கேள்வி வரலைன்னாதான் ஆச்சர்யம். நேர்மையான பதில்: கத்தரிக்கிறது வலிக்காது. ரோமத்துக்கு உயிர் கிடையாது, நம்ம ஹேர்கட் மாதிரிதான். ஆனா, அவசரப்பட்டு வெட்டினா தோல்ல கீறல் விழும். அதனாலதான் இது பழகின கைகளோட வேலை. ஆட்டைக் குண்டியில உட்கார வெச்சு, முதுகைத் தன் கால்ல சாய்ச்சுப் பிடிச்சுக்குவாங்க. அந்தப் பொசிஷன்ல கால் தரையில படாததால ஆடு பெருசா திமிறாது. வயித்துல இருந்து ஆரம்பிச்சு, பக்கவாட்டுல போய், முதுகைச் சுத்தி வந்தா, மொத்த ரோமமும் ஒரே போர்வையா கழண்டு வரும். மெஷின் வெச்சு வெட்டுற கைதேர்ந்த ஆள் சில நிமிஷத்துல ஒரு ஆட்டை முடிச்சுடுவார். ஆஸ்திரேலியாவுல இவங்க ஒரே நாள்ல 100 ஆடுகளுக்கு மேல கத்தரிப்பாங்க. முந்தின நாள் ராத்திரி ஆட்டுக்குத் தீனி போட மாட்டாங்க. வயிறு நிறைஞ்சிருந்தா அந்தப் பொசிஷன்ல மூச்சு முட்டும். ரோமம் ஈரமா இருந்தாலும் வெட்ட மாட்டாங்க.

சரி, வெட்டாமலே விட்டா என்ன? காட்டு ஆடுகளுக்கு வருஷா வருஷம் ரோமம் தானா உதிர்ந்துடும். உதிராத ஆடுகளையே மனுஷன் தேடித் தேடி வளர்த்ததால, மெரினோ மாதிரி ரகங்களுக்கு அந்த வழி அடைஞ்சுபோச்சு. 2004-ல நியூசிலாந்துல ஷ்ரெக்ங்கிற ஆட்டைப் பிடிச்சாங்க. ஆறு வருஷமா குகைகள்ல ஒளிஞ்சு வாழ்ந்த ஆடு அது. அது முதுகுல இருந்து வெட்டினது 27 கிலோ! 2015-ல ஆஸ்திரேலியாவுல கேன்பரா பக்கத்துல கண்டுபிடிச்ச கிறிஸ்ங்கிற ஆடு அந்த ரெக்கார்டையும் உடைச்சது. 40 கிலோவுக்கும் மேல. நடக்கவே முடியாம தவிச்சுக்கிட்டிருந்த ஆட்டை, கத்தரிச்சுத்தான் காப்பாத்தினாங்க. ஸோ, கத்தரிக்கிறது இந்த ஆடுகளுக்கு நாம செஞ்சே ஆக வேண்டிய கடமை. நாமதானே அதுங்களை இப்படி மாத்தினோம்.

அதேநேரம், கம்பளித் தொழில் முழுக்க அன்பும் அரவணைப்புமா இருக்குன்னு சொல்லிட முடியாது. மெரினோ ஆட்டோட பின்பக்கத் தோல் மடிப்புல ஈ முட்டை போட்டுப் புழு வைக்கும். அதைத் தடுக்க அந்தத் தோலையே வெட்டி எடுக்குற 'மியூல்சிங்' முறை ஆஸ்திரேலியாவுல இருக்கு. விலங்கு நல ஆர்வலர்கள் இதை ரொம்ப வருஷமா எதிர்க்கிறாங்க. நியூசிலாந்து 2018-ல இதுக்குத் தடை போட்டுடுச்சு. வெளிநாட்டு மெரினோ டிரெஸ் வாங்குறப்போ, 'மியூல்சிங் இல்லாதது'ன்னு லேபிள்ல இருக்கான்னு பார்க்குறவங்க இப்போ அதிகமாகிட்டாங்க.

முதுகுல இருந்து நூல் வரைக்கும்

நீங்க போற நாள்ல கத்தரிப்பு நடக்கணும்னு அவசியமில்லை. இந்தியாவுல ஊரையும் ரகத்தையும் பொறுத்து வருஷத்துக்கு ஒண்ணுல இருந்து மூணு தடவைதான் ரோமம் வெட்டுவாங்க. அதனால, மீதிக் கதையைக் குட்டீஸுக்கு நீங்கதான் சொல்லணும்.

முதல்ல, பிரிக்கிறது. தோள்பட்டை, பக்கவாட்டு ரோமம் ஃபர்ஸ்ட் குவாலிட்டி. வயிறு, கால் பக்கம் அழுக்கும் சாணியும் ஒட்டினது தனி.

அடுத்து, கழுவுறது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணியில ஊற வெச்சு எடுப்பாங்க. அழுக்கு, வியர்வை உப்பு, லனோலின் எல்லாம் இறங்கிடும். பிரிச்செடுக்குற லனோலின்தான் க்ரீம், லிப் பாம் கம்பெனிகளுக்குப் போகுது. இதுல முக்கியமான விஷயம், கசக்கவே கூடாது. ஏன்னு அடுத்த பகுதியில தெரியும்.

காய்ஞ்சதும் சிக்கெடுக்கிறது. ரெண்டு பலகையில கம்பி முள் பதிச்சு, நடுவுல ரோமத்தை வெச்சுத் தலை சீவுற மாதிரி இழுப்பாங்க. மில்லுல இதையே பெரிய உருளைகள் செய்யும். இழைகள் எல்லாம் ஒரே திசையில படிஞ்சு, பஞ்சுமிட்டாய் மாதிரி ஆகிடும்.

அப்புறம் நூற்பு. சீவின ரோமத்தைக் கொஞ்சம் கொஞ்சமா இழுத்து முறுக்கினா நூல். தாத்தா பாட்டி கூட வந்திருந்தா அவங்ககிட்ட தக்ளி பத்திக் கேளுங்க. அவங்க காலத்துல பல ஸ்கூல்கள்ல தக்ளியில நூல் நூற்குறது ஒரு பீரியடாவே இருந்துச்சு. பருத்தியில பண்ணின அதே டெக்னிக்தான் கம்பளிக்கும். சொல்லப்போனா, கம்பளியில இன்னும் சுலபம். இழை நீளம், செதில் வேற இருக்குறதால ஒண்ணையொண்ணு கெட்டியா பிடிச்சுக்கும்.

கடைசியா சாயம் ஏத்தி, தறியில நெய்யலாம், ஊசியில பின்னலாம்.

ஒரு சின்னக் கணக்கு பார்க்கலாமா? ஆஸ்திரேலிய மெரினோ வருஷத்துக்கு சராசரியா நாலு, நாலரை கிலோ ரோமம் தரும். கழுவினா மூணு கிலோ அளவுல நிக்கும். ஒரு ஸ்வெட்டருக்கு அரைக் கிலோன்னு வெச்சுக்கிட்டா, அஞ்சாறு ஸ்வெட்டர். இந்திய ஆடுகளோட சராசரி வருஷத்துக்கு ஒரு கிலோகூட இல்லை. கழுவின பிறகு ஒரு ஸ்வெட்டருக்கே இழுத்துப் பிடிக்கணும்.

வீட்டுல ஒரு மேஜிக்: ஃபெல்ட் உருண்டை

கழுவி சிக்கெடுத்த ரோமம் கொஞ்சம் வாங்கிக்கோங்க. கிராஃப்ட் பொருள் விக்கிற கடைகள்லயும் ஆன்லைன்லயும் கிடைக்கும். ஒரு எலுமிச்சை அளவு எடுத்து லூசா உருட்டுங்க. வெதுவெதுப்பான தண்ணியில ரெண்டு சொட்டு சோப்பு விட்டு, அதுல நனைச்சு, உள்ளங்கையில லட்டு பிடிக்கிற மாதிரி மெதுவா உருட்டிக்கிட்டே இருங்க. முதல்ல கொழகொழன்னு இருக்கும். 'வேஸ்ட்டுப்பா'ன்னு தோணும். விடாதீங்க. அஞ்சு பத்து நிமிஷத்துல சுருங்கி இறுகி, கெட்டிப் பந்தாகிடும். பிரிச்சாலும் பிரியாது.

காரணம், அந்தச் செதில்கள். சூடு, ஈரம், தேய்ப்பு மூணும் சேர்ந்தா இழைகள் ஒண்ணுக்குள்ள ஒண்ணு நகர்ந்து கோத்துக்கும், செதில் அமைப்பால திரும்பி வராது. தறியே இல்லாம துணி செய்யுற ஃபெல்ட் டெக்னிக் இதுதான். வாஷிங் மெஷின்ல சூடான தண்ணியில போட்ட கம்பளி ஸ்வெட்டர் பொம்மை சைஸுக்குச் சுருங்குறதும் இதனாலதான். கம்பளித் துணியைப் பச்சைத் தண்ணியில அலசி, முறுக்காம, படுக்க வெச்சுக் காயப்போடணும்னு சொல்றது இதுக்குத்தான்.

"இந்த ரோமத்தை யார் வாங்குவாங்க?"

குழந்தைகள் பெரும்பாலும் கேட்காத கேள்வி இது. ஆனா, பெரியவங்க நாம யோசிச்சே ஆக வேண்டிய கேள்வி. ஏன்னா, கம்பளி ஆடு பிழைச்சிருக்கிறதும் அழிஞ்சுபோறதும் இந்த ஒரு பதில்லதான் இருக்கு.

எங்க தாத்தா வீட்டுப் பரண்ல ஒரு கருப்புக் கம்பளி இருந்துச்சு. தொட்டா முள்ளு மாதிரி குத்தும். மழையில அதைத் தலையில போட்டுக்கிட்டுத்தான் வயலுக்குப் போவாராம். அந்த மாதிரிக் கம்பளிகளுக்குப் பின்னாடி ஒரு முழு வாழ்க்கை முறையே இருந்துச்சு. தமிழ்நாட்டுலயும் கர்நாடகத்துலயும் குரும்பர் சமூகத்தினர் ஆடு மேய்ச்சு, அந்த ரோமத்தைத் தாங்களே நூற்று, தறியில நெய்து கம்பளி ஆக்கினாங்க. தக்காணப் பகுதியில நூலுக்குப் புளியங்கொட்டைக் கஞ்சி போட்டு விறைப்பு ஏத்துவாங்க. கர்நாடகத்துல சித்ரதுர்கா மாவட்டத்து சள்ளகெரே இன்னிக்கும் கம்பளிக்குப் பேர் போன ஊர்.

ஆனா, மலிவான செயற்கைப் போர்வை வந்ததும் சந்தை படுத்துடுச்சு. தக்காணத்துல பல இடங்கள்ல ரோமம் வெட்டுற கூலி, ரோமத்தோட விலையைவிட அதிகமாகிடுச்சு. வெட்டின ரோமத்தை அப்படியே கொட்டிட்டு வர்ற நிலைமை. அப்புறம் ஒரு மேய்ப்பர் என்ன பண்ணுவார்? ரோமம் வெட்டவே தேவையில்லாத, கறிக்கு நல்ல எடை வர்ற முடி ஆட்டுக்கு மாறிடுவார். கம்பளி தர்ற தக்காண ஆட்டுக்குப் பதிலா முடி ஆடுகளை வளர்க்குறது இப்படித்தான் அங்கே பரவுச்சு.

நீலகிரி ஆட்டோட கதையும் இதுக்குப் பக்கத்துலதான் வருது. 19-ம் நூற்றாண்டுல, கோயம்புத்தூர் நாட்டு ஆட்டோட டாஸ்மேனியா மெரினோ, செவியட், சவுத்டவுன் ரகங்கள் கலந்து உருவான ஆடு இது. நீலகிரி மழைக்கும் குளிருக்கும் பழகிப்போன, மெல்லிய கம்பளி தர்ற ஆடு. ஆனா, மேய்ச்சல் புல்வெளிகள் தேயிலையாவும், சீகை மரம், யூகலிப்டஸ் தோட்டமாவும் மாறிக்கிட்டே வந்துச்சு. கம்பளிக்கும் வாங்க ஆள் இல்லை. எண்ணிக்கை சரிஞ்சு, இன்னிக்கு அதைக் காப்பாத்துற பொறுப்பு பெரும்பாலும் ஊட்டி பக்கத்துல சாண்டிநல்லாவுல இருக்குற கால்நடை பல்கலைக்கழகத்தோட செம்மறி ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்திருக்கு. பழனி மலையிலயும் புல்வெளி நிறைய இடத்துல மரத் தோட்டங்களா மாறிடுச்சு. மன்னவனூர்ல நீங்க பார்க்குற பச்சைப் புல்வெளி, ஒரு காலத்துல அந்த மலை முழுக்கப் பரந்து கிடந்ததோட மிச்சம்.

2019 கால்நடைக் கணக்கெடுப்புப்படி இந்தியாவுல 7 கோடியே 40 லட்சத்துக்கும் அதிகமான செம்மறி ஆடுகள் இருக்கு. தமிழ்நாட்டுல மட்டும் சுமார் 45 லட்சம். இவ்வளவு இருந்தும், ஸ்வெட்டர், கோட்டுக்குத் தேவையான மெல்லிய கம்பளியை ஆஸ்திரேலியா மாதிரி நாடுகள்ல இருந்துதான் இறக்குமதி பண்றோம். நம்ம ஊர் ரோமத்துல பெரும்பகுதி கார்ப்பெட் ரகம். பாரத் மெரினோ மாதிரி முயற்சிகளை அரசாங்கம் ஏன் ஆரம்பிச்சதுன்னு இப்போ புரியுதா? ஆனா, ரகத்தை உருவாக்குறது பாதி வேலைதான். அதோட ரோமத்துக்கு ஒரு மேய்ப்பருக்குக் கட்டுப்படியாகுற விலை கிடைக்கணும். அது கிடைக்காத வரைக்கும் கம்பளி ஆடு அரசுப் பண்ணை வேலியைத் தாண்டி ஊருக்குள்ள வராது.

கொடைக்கானல் கடையில நீங்க வாங்குறது கம்பளியா?

ட்ரிப் முடிஞ்சு திரும்புறப்போ எல்லாரும் ஸ்வெட்டர், ஷால் வாங்குவோம். மலைவாசஸ்தலக் கடைகள்ல 'வுல்லன்'னு விக்கிறதுல பெரும்பாலானது அக்ரிலிக். பெட்ரோலியத்துல இருந்து எடுக்குற செயற்கை இழை. பட்ஜெட்டுக்கு அது ஓகேன்னா தாராளமா வாங்குங்க. ஆனா, கம்பளின்னு நினைச்சு கம்பளி விலை கொடுத்து வாங்காதீங்க. கண்டுபிடிக்க சில வழிகள்:

* உள்பக்க லேபிளைப் பாருங்க. எத்தனை சதவிகிதம் கம்பளின்னு இருக்கணும். நூல்கண்டு மாதிரி சுத்தின வுல்மார்க் முத்திரை 1964-ல இருந்து புழக்கத்துல இருக்கு. அது கம்பளிக்கான உத்தரவாதம்.
* ஓரத்துல ஒரே ஒரு நூலை உருவி, பெரியவங்க மட்டும், தண்ணி வெச்ச தட்டுக்கு மேல இடுக்கியில பிடிச்சுக் கொளுத்திப் பாருங்க. கம்பளின்னா மெதுவா எரிஞ்சு, முடி கருகுற வாடை வரும். நெருப்பை எடுத்தா தானா அணையும். சாம்பல் விரல்ல பொடியாகும். அக்ரிலிக்னா உருகிச் சொட்டி, கெட்டியான மணியா இறுகும்.
* போட்டா அரிக்குதுன்னா உடனே 'அலர்ஜி'ன்னு முடிவு பண்ணாதீங்க. பெரும்பாலும் 30 மைக்ரானை ஒட்டின தடிமனான இழைகளோட முனை தோல்ல குத்துறதுதான் காரணம். மெல்லிய மெரினோ அப்படிக் குத்தாது.

கம்பளிக்கு இன்னொரு ப்ளஸ்ஸும் இருக்கு. தன் எடையில கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு ஈரத்தை உள்ள வாங்கிக்கும், அப்பவும் தொட்டா ஈரமா தெரியாது. லேசுல தீப்பிடிக்காது. பழசாகி மண்ணுல போட்டா மக்கிடும்.

போறதுக்கு முன்னாடி...

* கொடைக்கானலுக்குள்ள போற வண்டிக்கு இ-பாஸ் எடுத்துக்கோங்க. 2024 மே மாசத்துல இருந்து இது நடைமுறையில இருக்கு.
* இது ஆராய்ச்சி மையம், தீம் பார்க் இல்லை. பார்வையாளர்கள் நேரத்தையும், அன்னிக்கு அனுமதி உண்டான்னும் முன்கூட்டியே விசாரிச்சுட்டுப் போங்க. சாண்டிநல்லா போறதா இருந்தா கட்டாயம் முன்அனுமதி கேளுங்க.
* பிஸ்கட், சிப்ஸ் எதையும் ஆட்டுக்குக் கொடுக்காதீங்க. கவரோட தின்னுட்டா உயிருக்கே ஆபத்து. செல்ஃபிக்காகத் துரத்தாதீங்க. மிரண்டு ஓடினா ஒரு ஆடு இல்லை, மொத்த மந்தையும் ஓடும். சினை ஆடுகளுக்கு அது ரொம்ப ஆபத்து.
* தொட்டுப் பார்த்தா, சாப்பிடுறதுக்கு முன்னாடி சோப்புப் போட்டுக் கை கழுவணும். ஆட்டுல இருந்து மனுஷங்களுக்குப் பரவுற தோல் தொற்று, காய்ச்சல் எல்லாம் உண்டு.
* கர்ப்பிணிகள், குட்டி போடுற சமயத்துல இருக்குற ஆடுகளையும் புதுசா பிறந்த குட்டிகளையும் தொடவோ, கிட்டப் போகவோ வேண்டாம். கருவைப் பாதிக்கிற கிருமிகள் அதுங்ககிட்ட இருக்க வாய்ப்பு உண்டு.
* ஷூ போட்டுக்கோங்க. புல்வெளி ஈரமா வழுக்கும்.

அங்கே இருக்குற பணியாளர்கள்கிட்ட ரெண்டு நிமிஷம் பேசுங்க. ஆட்டோட வயசு என்ன, எப்போ கத்தரிப்பீங்க, எத்தனை கிலோ வரும்னு குட்டீஸையே கேட்க விடுங்க. அதோட, 'இந்த ரோமம் இங்கிருந்து எங்க போகுது, என்ன விலைக்குப் போகுது'ன்னு நீங்களும் ஒரு கேள்வி கேளுங்க. ஸ்வெட்டர் வாங்குற நமக்கும் அந்த விலையில ஒரு பங்கு இருக்கு.